உங்கள் வீட்டுத் தண்ணீருக்கு எந்த ஃபில்டர்? – வாசகர் கேள்வி பதில்

வீட்டுக் குடிநீர்ச் சுத்திகரிப்பு பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்ற வேதியியலர் ஒருவர் இந்த இதழில் விடையளிக்கிறார்.

கேள்வி: ஐயா, வணக்கம். எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் போர் தண்ணீரும், வாரம் இருமுறை வரும் லாரித் தண்ணீரும் ஒரே சம்ப்பில் கலந்துதான் மேல்தொட்டிக்கு ஏறுகின்றன. சென்ற வாரம் ஃபில்டர் விற்க வந்த ஓர் இளைஞர் எங்கள் குழாய்த் தண்ணீரை ஒரு டம்ளரிலும், தாம் கொண்டுவந்த ஆர்.ஓ. தண்ணீரை இன்னொரு டம்ளரிலும் ஊற்றி, இரண்டிலும் கம்பிகள் பொருத்திய ஒரு கருவியை இறக்கி மின் இணைப்புக் கொடுத்தார். ஒரு நிமிடத்துக்குள் எங்கள் தண்ணீர் சாக்கடையைப் போலப் பழுப்பும் பச்சையுமாகத் திரண்டுவிட்டது. அவருடைய தண்ணீர் அப்படியே இருந்தது. இதையா இத்தனை நாளும் பிள்ளைகளுக்குக் கொடுத்தோம் என்று என் மாமியார் அழாத குறையாகக் கேட்கிறார். நாங்கள் எந்த ஃபில்டரை வாங்குவது? – வாசகி, மேடவாக்கம்.

பதில்: அம்மா, முதலில் உங்கள் மாமியாருக்கு ஆறுதல் சொல்லுங்கள். நீங்கள் பார்த்த அந்தப் பழுப்பு அந்தக் கம்பிகளில் இருந்து வந்தது. அத்தகைய கருவியில் ஒரு கம்பி இரும்பாகவும் மற்றது பெரும்பாலும் அலுமினியமாகவும் இருக்கும். தண்ணீரில் கரைந்த உப்பு இருந்தால் அதன் வழியே மின்சாரம் பாயும். பாய்ந்தால் இரும்பு கரைந்து துருவாகத் திரளும். உப்பை நீக்கிய ஆர்.ஓ. தண்ணீரில் மின்சாரம் சரிவரப் பாயாது என்பதால் அங்கே இரும்பும் கரையாது, நிறமும் மாறாது. அந்த இளைஞர் மறுபடியும் வந்தால், அவருடைய டம்ளரில் ஒரு சிட்டிகைச் சமையல் உப்பைப் போட்டுக் கலக்கிவிட்டு அதே சோதனையைச் செய்துகாட்டச் சொல்லுங்கள். அதுவும் உங்கள் கண்முன்னே சாக்கடையாகும். வயிற்றுப்போக்குக்கு மருத்துவர் தரும் ஓ.ஆர்.எஸ். கரைசலில் அந்தக் கம்பிகளை இறக்கினாலும் இதுவே நடக்கும். தண்ணீரில் உப்பு இருக்கிறது என்பதைத் தவிர வேறெதையும் அந்தச் சோதனை சொல்வதில்லை. அச்சமூட்டி விற்கும் இந்த வழக்கத்தைக் கண்டு நான் பலமுறை மனம் நொந்திருக்கிறேன். நடுத்தரக் குடும்பங்கள் ஒரு மாதச் சம்பளத்தை இப்படித்தான் தேவையில்லாமல் இழக்கின்றன.

இனி, எந்தக் கருவி என்ற கேள்விக்கு வருவோம். கண்ணுக்குத் தெரியும் கலங்கல், கண்ணுக்குத் தெரியாத கிருமி, கரைந்து நிற்கும் உப்பும் நஞ்சும் என்று தண்ணீரின் குறைகளை மூன்றாகப் பிரித்துக்கொண்டால் எல்லாம் எளிதாகிவிடும். மண்ணையும் துருவையும் 5 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுள்ள சாதாரண வடிகட்டியே பிடித்துவிடும். குளோரின் வாடை, வேறு வாடைகள், கரிமப் பொருள்கள் ஆகியவற்றைக் கரி வடிகட்டி உறிஞ்சிக்கொள்ளும்; நம் ஊர்த் தேங்காய்ச் சிரட்டையிலிருந்து செய்யப்படும் கரியே இதற்கு மிகச் சிறந்தது. கிருமிகளை யூ.வி. என்னும் புற ஊதாக் கதிர் விளக்கு செயலிழக்கச் செய்யும். ஆனால் தண்ணீர் தெளிவாக இருந்தால்தான் ஒளி உள்ளே செல்லும், கலங்கலான தண்ணீரில் கிருமி மண் துகளின் நிழலில் ஒளிந்து தப்பித்துவிடும். யூ.எஃப். என்னும் சவ்வு 0.01 மைக்ரான் அளவு துளைகளைக் கொண்டு பாக்டீரியாவைத் தடுத்து நிறுத்தும். அதற்கு மின்சாரமும் தேவையில்லை. இவற்றில் எதுவும் கரைந்த உப்பைத் தொடாது. உப்பை நீக்க, தண்ணீரை மிக நுண்ணிய ஒரு சவ்வின் வழியே அழுத்திச் செலுத்தி, உப்பு மிகுந்த மீதியைக் கழிவாக வெளியேற்றும் ஆர்.ஓ.தான் வீட்டுக்குள் வைக்கக்கூடிய நடைமுறை வழி.

ஆகவே ஆர்.ஓ. வேண்டுமா, வேண்டாமா என்பதை உங்கள் தண்ணீரின் உப்புதான் முடிவு செய்ய வேண்டும். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500, கரைந்த திடப்பொருள், அதாவது நாம் டி.டி.எஸ். என்று சொல்வது, லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருப்பதை ஏற்றுக்கொள்கிறது. வேறு தண்ணீருக்கு வழியில்லாத இடத்தில் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. 500க்குக் கீழே இருந்து, ஃப்ளோரைடு, நைட்ரேட் போன்ற நஞ்சுகளும் வரம்புக்குள் இருந்தால், உங்களுக்கு யூ.வி.யும் யூ.எஃப்.உம் சேர்ந்த கருவியே போதும். 1000ஐத் தாண்டினால் ஆர்.ஓ. வாங்குவதில் தவறில்லை. இடைப்பட்ட அளவில், சோறு மஞ்சளிப்பது, பருப்பு வேகாமல் நிற்பது, பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் படிவு தடிமனாகக் கட்டுவது ஆகியவற்றைப் பார்த்து, வீட்டில் உள்ளவர்களின் நாக்கையும் கேட்டு முடிவு செய்யலாம் என்பது என் கருத்து.

உங்களைப் போல் போரும் லாரியும் கலக்கும் வீட்டில் ஒரே அளவு ஆண்டு முழுவதும் நிற்காது. மழைக்குப் பின் 600 காட்டும் தண்ணீர் மே மாதத்தில் 1400 காட்டக்கூடும். கோடையில் ஒருமுறையும் ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் ஒருமுறையும் பரிசோதித்துவிட்டு வாங்குங்கள். அதுவரை தண்ணீரைக் காய்ச்சிக் குடிப்பதால் கிருமித் தொல்லை வராது.

கேள்வி: தண்ணீரைப் பரிசோதிக்க வேண்டும் என்கிறார்கள். எங்கே கொடுப்பது, எப்படிப் பிடிப்பது, எதையெல்லாம் பார்க்கச் சொல்வது? கடையில் விற்கும் டி.டி.எஸ். மீட்டர் போதாதா? – வாசகர், அருப்புக்கோட்டை.

பதில்: டி.டி.எஸ். மீட்டர் போதாது. அது தண்ணீரின் மின்கடத்தும் திறனை அளந்து உப்பின் மொத்த அளவை ஊகித்துச் சொல்லும் கருவி. 200 காட்டும் தண்ணீரில் சாக்கடைக் கிருமி இருக்கலாம். 900 காட்டும் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்தைத் தவிர வேறு குறை இல்லாமலும் இருக்கலாம். வீட்டில் ஃபில்டர் சரியாக ஓடுகிறதா என்று அவ்வப்போது பார்க்க அது உதவும். வாங்குவதா, வேண்டாமா என்று முடிவெடுக்க உதவாது.

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டங்களில் நீர்ப் பரிசோதனைக் கூடங்கள் உள்ளன. கட்டணம் செலுத்திப் பொதுமக்களும் கொடுக்கலாம். சென்னையில் இருப்பவர்கள் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டையோ, கீழ்ப்பாக்கத்தில் உள்ள குடிநீர் வாரியத்தின் தரக் கட்டுப்பாட்டுக் கூடத்தையோ அணுகலாம்.

தண்ணீர் பிடிக்கும் முறையில்தான் பலர் தவறுகிறார்கள். ரசாயனப் பரிசோதனைக்கு 2 லிட்டர் கொள்ளும் சுத்தமான பிளாஸ்டிக் குப்பியை, பிடிக்கப் போகும் அதே தண்ணீரால் மூன்று முறை அலசிவிட்டுக் கழுத்துவரை நிரப்புங்கள். போர் தண்ணீர் என்றால் மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்ட பிறகு பிடியுங்கள். குழாய்க்குள் தங்கிய துருத் தண்ணீரைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, இரும்பு அதிகம் என்று அறிக்கை வந்ததும் பதறியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கிருமிப் பரிசோதனைக்கு வீட்டுக் குப்பி கூடாது. கிருமி நீக்கிய குப்பியைக் கூடத்திலேயே தருவார்கள். அதை அலசவே கூடாது. குளோரினை முறிப்பதற்கான மருந்து அதன் அடியில் இடப்பட்டிருக்கும், அலசினால் அது போய்விடும். குழாயின் வாயைத் தீயில் வாட்டியோ ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்தோ, இரண்டு நிமிடம் தண்ணீரை ஓடவிட்டு, மூடியின் உட்புறத்தில் விரல் படாமல், குப்பியின் மேலே சற்று இடம்விட்டுப் பிடியுங்கள். பனிக்கட்டியோடு ஒரு பெட்டியில் வைத்து, முடிந்தவரை 6 மணி நேரத்துக்குள் கூடத்தில் சேர்த்துவிட வேண்டும்.

கார அமிலத் தன்மை, கலங்கல், டி.டி.எஸ்., கடினத்தன்மை, குளோரைடு, ஃப்ளோரைடு, நைட்ரேட், இரும்பு, மலக் கலப்பைக் காட்டிக்கொடுக்கும் ஈ.கோலை என்னும் கிருமி இத்தனையும் பார்க்கச் சொல்லுங்கள். அறிக்கை வந்ததும் முக்கியமாக மூன்று எண்களைத் தேடுங்கள்: ஃப்ளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள், வழியே இல்லையென்றால் 1.5க்குள், நைட்ரேட் 45க்குள், ஈ.கோலை 100 மில்லிலிட்டரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் தோல் தொழிற்சாலைகளுக்கு அருகில் கிணறு உள்ளவர்கள் குரோமியத்தையும் சேர்த்துப் பார்த்துவிடுவது நல்லது; அதன் வரம்பு 0.05 மில்லிகிராம்.

கேள்வி: எங்கள் வீட்டுக்குச் சிறுவாணித் தண்ணீர் வருகிறது. பக்கத்து வீடுகளில் எல்லோரும் ஆர்.ஓ. வைத்துவிட்டார்கள். நாங்களும் வாங்க வேண்டுமா? – வாசகி, கோயம்புத்தூர்.

பதில்: வேண்டாம், அம்மா. சிறுவாணி மலை நீர், உப்பு மிகக் குறைவானது. அந்தத் தண்ணீரை ஆர்.ஓ.வில் விட்டால் இருக்கும் சிறிதளவு தாதுவையும் இழந்து, மூன்று பங்குத் தண்ணீரைச் சாக்கடையில் விட்டு, சுவையற்ற தண்ணீரைக் குடிப்பீர்கள். மாநகராட்சித் தண்ணீர் உங்கள் வீட்டு வாசல் வரை குளோரினோடு வருகிறது; அதன் பிறகு சம்ப்பிலும் மேல்தொட்டியிலும் தேங்கும்போதுதான் கெடுகிறது. தொட்டியைச் சுத்தமாக வைத்துக்கொண்டு, ஒரு யூ.வி. கருவியோ கொதிக்கவைத்த தண்ணீரோ போதும்.

கேள்வி: என் மகளுக்கு ஒன்பது வயது. முன்பற்களில் மஞ்சளும் பழுப்புமாகக் கோடுகள் விழுந்திருக்கின்றன. பல் மருத்துவர் தண்ணீர்தான் காரணம் என்கிறார். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை நன்றாகக் கொதிக்கவைத்துத்தான் கொடுக்கிறோம். டி.டி.எஸ். பார்த்தால் 620 தான் இருக்கிறது. நாங்கள் என்ன தவறு செய்தோம்? – வாசகர், பென்னாகரம்.

பதில்: நீங்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பாறைகளிலேயே ஃப்ளோரைடு உள்ள தாதுக்கள் இருக்கின்றன. ஆழமாகத் தோண்டத் தோண்ட, தண்ணீர் அந்தப் பாறையோடு நெடுங்காலம் உறவாடி ஃப்ளோரைடைக் கரைத்துக்கொண்டு மேலே வருகிறது. அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை, சுவையும் இல்லை. லிட்டருக்கு 3 மில்லிகிராம் ஃப்ளோரைடு இருந்தாலும் 620 காட்டும் மீட்டரில் அது தனியாகத் தெரியாது.

கொதிக்கவைப்பது கிருமியைக் கொல்லும், ஃப்ளோரைடை வெளியேற்றாது. மாறாக, தண்ணீர் ஆவியாகப் போக ஃப்ளோரைடு முழுவதும் பாத்திரத்திலேயே தங்குவதால் அதன் செறிவு கூடும். 2 மில்லிகிராம் உள்ள தண்ணீரைப் பாதியாகச் சுண்டவைத்தால் அது 4 ஆகிவிடும். கிருமிக்காகக் காய்ச்சுகிறவர்கள் தண்ணீர் தளதளவென்று கொதித்து ஒரு நிமிடம் ஆனதும் இறக்கிவிட வேண்டும். அதற்குமேல் காய்ச்சுவதால் ஒரு பயனும் இல்லை.

குழந்தையின் பல்லில் விழுந்த கறை, பல் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருந்த ஆண்டுகளில் ஏற்பட்டது. இனி நல்ல தண்ணீர் கொடுத்தாலும் அந்தக் கோடுகள் தாமாக மறையமாட்டா. அவற்றுக்குப் பல் மருத்துவரின் சிகிச்சை இருக்கிறது. ஆனால் எலும்பும் மூட்டும் கெடாமல் காப்பது இப்போது உங்கள் கையில் இருக்கிறது. ஆகவே தாமதிக்காதீர்கள். வீட்டில் இன்னும் சிறு குழந்தைகள் இருந்தால் அவர்களுக்கு இன்றே தண்ணீரை மாற்றுங்கள்.

உங்கள் மாவட்டத்துக்கு ஒரு பெரிய நன்மை நடந்திருக்கிறது. ஃப்ளோரைடு பாதிப்பைத் தணிப்பதற்கென்றே ஜப்பானிய நிதி உதவியுடன் நிறைவேற்றப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கப்பட்டது. அதில் வருவது காவிரி நீர். உங்கள் தெருவில் அந்தக் குழாய் இருந்தால் குடிப்பதற்கும் சமைப்பதற்கும் அதை மட்டுமே பிடித்து வையுங்கள். போர் தண்ணீர் குளிக்கவும் துவைக்கவும் இருக்கட்டும். சமையலையும் சேர்த்தே சொல்கிறேன், ஏனெனில் சோறும் பருப்பும் தாம் வேகும் தண்ணீரைப் பெருமளவு உறிஞ்சிக்கொள்கின்றன. குடிக்க மட்டும் நல்ல தண்ணீர், உலைக்குப் போர் தண்ணீர் என்று பல வீடுகளில் வைத்திருக்கும் பிரிவினை இங்கே உதவாது.

குழாய் எட்டாத வீடு என்றால் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று ஆர்.ஓ.; மற்றொன்று அலுமினா மணிகள் நிரப்பிய ஃப்ளோரைடு வடிகட்டி. பின்னது தண்ணீரை வீணாக்காது, மின்சாரமும் கேட்காது; ஆனால் மணிகள் நிறைவுற்றதும் எந்த அறிகுறியும் காட்டாமல் ஃப்ளோரைடை அப்படியே விட்டுவிடும் என்பதால், குறித்த காலத்தில் அவற்றைப் புதுப்பித்தாக வேண்டும், வடிகட்டிய தண்ணீரையும் பரிசோதிக்க வேண்டும். ஊருக்கே பொதுவாகச் செய்வதென்றால் படிகாரமும் சுண்ணாம்பும் சேர்த்துத் தெளியவைக்கும் நல்கொண்டா முறையும் இருக்கிறது. இந்தியாவிலேயே உருவாக்கப்பட்ட முறை அது.

ஆர்.ஓ. வாங்குகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இன்று விற்கும் பல கருவிகளில் டி.டி.எஸ். கன்ட்ரோலர் என்று ஒரு சிறு திருகு இருக்கும். தண்ணீர் சப்பென்று இருக்கிறது என்று நீங்கள் சொன்னால் மெக்கானிக் அதைத் திருப்பிவிடுவார், சுவையும் வந்துவிடும். அந்தச் சுவை வருவது எப்படித் தெரியுமா? சவ்வுக்குள் போகாத பழைய தண்ணீரில் ஒரு பங்கை யூ.வி. விளக்கை மட்டும் காட்டி ஆர்.ஓ. தண்ணீரோடு கலப்பதுதான் அந்தத் திருகின் வேலை. உப்பு மட்டும் கூடுதலாக உள்ள ஊரில் இதனால் தீங்கில்லை. உங்கள் ஊரில், நீங்கள் பணம் கொடுத்து நீக்கிய ஃப்ளோரைடை அதே திருகு மறுபடியும் டம்ளருக்குள் கொண்டுவந்து சேர்க்கும். அதை முழுவதும் மூடிவைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: நாங்கள் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டுத்தான் நான்கு மாதப் பிள்ளைக்குப் பால்மா கரைக்கிறோம். எங்கள் பக்கத்துக் கிணறுகளில் நைட்ரேட் அதிகம் என்கிறார்கள். கரி வடிகட்டி வாங்கினால் போதுமா? – வாசகி, யாழ்ப்பாணம்.

பதில்: சகோதரி, கொதித்தாறிய நீர் கிருமிக்கு நல்லது, நைட்ரேட்டுக்கு அது மருந்தாகாது, ஃப்ளோரைடைப் போலவே இதுவும் சுண்டச் சுண்டச் செறிவாகும். கரி வடிகட்டியும் நைட்ரேட்டைப் பிடிக்காது.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்கும் மழைநீரே கிணறுகளுக்கு ஊற்று. அந்தக் கல் துளைகளும் வெடிப்புகளும் நிறைந்தது என்பதால், வெங்காயத் தோட்டத்தில் இடும் உரமும், மலசலகூடக் குழியின் கசிவும் வடிகட்டப்படாமலே கிணற்றை அடைந்துவிடுகின்றன. உலக சுகாதார நிறுவனம் நைட்ரேட்டுக்கு வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 50 மில்லிகிராம். அதைத் தாண்டிய தண்ணீரில் பால்மா கரைத்தால், ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் திறனை இழந்து, உதடும் நகமும் நீலம் பாரிக்கும் நோய் வரக்கூடும். ஆகவே தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையிடம் கிணற்று நீரைப் பரிசோதிக்கக் கேளுங்கள்; அறிக்கை வரும்வரை பிள்ளைக்கு மட்டுமாவது போத்தல் நீரையோ குழாய் நீரையோ கொதிக்கவைத்துப் பயன்படுத்துங்கள். அளவு கூடுதலாக இருந்தால் ஆர்.ஓ.தான் வழி, கன்ட்ரோலர் பற்றி மேலே சொன்னது உங்களுக்கும் பொருந்தும். பிள்ளைக்குத் தாய்ப்பால் கொடுக்க முடியுமானால் அதைவிடச் சிறந்த பாதுகாப்பு வேறில்லை.

கேள்வி: ஆர்.ஓ. வைத்த நாளிலிருந்து தண்ணீர் வீணாவதைப் பார்த்தால் மனம் பொறுக்கவில்லை. கழிவுக் குழாயைக் கொஞ்சம் அழுத்திக் கட்டிவிடலாமா? அந்தத் தண்ணீரைச் செடிகளுக்கு ஊற்றலாமா? – வாசகர், மதுரை.

பதில்: கட்டவே கட்டாதீர்கள். வெளியேறும் தண்ணீர்தான் சவ்வின் மேல் படியும் உப்பைக் கழுவிக்கொண்டு போகிறது. அதை அடைத்தால் சில மாதங்களில் சவ்வின் மேல் சுண்ணாம்பு படிந்து, புதுச் சவ்வுக்குச் செலவழிக்க நேரும்.

உங்கள் கருவி எவ்வளவு வீணாக்குகிறது என்பதை நீங்களே அளந்துவிடலாம். நல்ல தண்ணீர்க் குழாயின் அடியில் ஒரு லிட்டர் குவளையையும் கழிவுக் குழாயின் நுனியில் ஒரு வாளியையும் வையுங்கள். குவளை நிரம்பும் நேரத்தில் வாளியில் எத்தனை லிட்டர் சேர்ந்திருக்கிறது என்று பாருங்கள். பழைய கருவிகளில் மூன்று லிட்டர் இருப்பது சாதாரணம். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019 மே மாதம் பிறப்பித்த உத்தரவில், டி.டி.எஸ். 500க்குக் குறைந்த இடங்களில் ஆர்.ஓ. கருவிகளைத் தடைசெய்யவும், மற்ற இடங்களில் உள்ளே போகும் தண்ணீரில் 60 விழுக்காடாவது நல்ல தண்ணீராகத் திரும்பக் கிடைக்க வழிசெய்யவும் அரசைக் கேட்டுக்கொண்டது. புதிதாக வாங்குகிறவர்கள், எத்தனை விழுக்காடு திரும்பக் கிடைக்கும் என்பதைக் கடைக்காரரிடம் கேட்டு, பில்லிலோ விவரத் தாளிலோ எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

செடிக்கு ஊற்றுவதைப் பொறுத்தவரை ஒரு சிறு கணக்கு. 1000 டி.டி.எஸ். உள்ள தண்ணீர் நான்கு லிட்டர் உள்ளே போய் ஒரு லிட்டர் நல்ல தண்ணீராக வந்தால், மீதி மூன்று லிட்டரில் உப்பு ஏறக்குறைய 1330 ஆகியிருக்கும். தொட்டிச் செடிக்கு அதை நாள்தோறும் ஊற்றினால் மண்ணின் மேல் வெள்ளை பூத்து, இலை நுனி கருகும். கழிப்பறைக்கும், தரை துடைக்கவும், மிதியடி அலசவும், பாத்திரத்தின் முதல் அலசலுக்கும் வாளியில் பிடித்துவைத்தால் ஒரு சொட்டும் வீணாகாது.

கேள்வி: குளியலறைக் குழாய்களில் உப்புப் படிவதால் வாட்டர் சாஃப்ட்னர் வைத்திருக்கிறோம். அதன் தண்ணீரைக் குடிக்கலாமா? – வாசகர், ஈரோடு.

பதில்: குடிநீருக்காகச் செய்யப்பட்டதல்ல அது. கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் எடுத்துக்கொண்டு அவற்றுக்குப் பதிலாகச் சோடியத்தை விடுவதால் மொத்த உப்பு குறைவதில்லை. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் அதைக் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும். சமையலறைக்கு சாஃப்ட்னருக்கு முன்பிருந்தே தனிக் குழாய் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: எனக்கு வயது எழுபத்தாறு. கலங்கிய ஆற்றுத் தண்ணீரைப் பானையில் ஊற்றி, உள்பக்கம் தேற்றான்கொட்டையை உரைத்து, தெளிந்ததும் செப்புக் குடத்தில் ஊற்றிக் குடித்து வளர்ந்தவர்கள் நாங்கள். இன்று அதெல்லாம் மூடப் பழக்கம் என்கிறார்களே? – வாசகர், கும்பகோணம்.

பதில்: ஐயா, அது மூடப் பழக்கம் அல்ல. தேற்றான்கொட்டையில் உள்ள பொருள் மண் துகள்களை ஒன்றோடொன்று திரளவைத்து அடியில் படியச் செய்கிறது. நகராட்சி நீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் படிகாரம் செய்யும் அதே வேலைதான். செப்புக் குடத்துக்கும் சான்று உண்டு. வயிற்றுப்போக்குக் கிருமிகள் கலந்த தண்ணீரைச் செப்புப் பானையில் அறை வெப்பத்தில் 16 மணி நேரம் வைத்தபோது அவை அழிந்ததைப் பெங்களூரு ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்டார்கள். தண்ணீரில் கரைந்த செம்பும் வரம்புக்குள்ளேயே இருந்தது. எலுமிச்சைச் சாறு, மோர் போன்ற புளிப்பான எதையும் அதில் ஊற்றிவைக்கக் கூடாது, குடத்தை நாள்தோறும் புளியால் துலக்கி நன்றாக அலச வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மாறியிருப்பது தண்ணீர்தான். உங்கள் இளமையில் ஆற்றில் வந்தது மண்ணும் இலைதழையும். இன்று ஊர்க் கழிவும் உரமும் சேர்ந்துவருகின்றன. தெளிந்த தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆறியபின் செப்புக் குடத்தில் ஊற்றி வையுங்கள். பழக்கத்தையும் விட வேண்டாம், கிருமிக்கும் அஞ்ச வேண்டாம். எவர்சில்வர் ஃபில்டரில் வைக்கும், கேண்டில் எனப்படும் பீங்கான் வடிகட்டிகளும் இந்த வரிசையில் மதிக்கத்தக்கவையே. அவற்றைச் சோப்புப் போடாமல், மெல்லிய நாரால் மட்டும் தேய்த்துக் கழுவ வேண்டும். மயிரிழை அளவு வெடிப்பு விட்டாலும் வடிகட்டாத தண்ணீர் அதன் வழியே இறங்கிவிடும் என்பதால் உடனே மாற்ற வேண்டும்.

கேள்வி: பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறேன், வாடகை வீடு. ஃபில்டர் வாங்க வசதியில்லை. கேன் தண்ணீர் வாங்குகிறோம். சில நாள் அதில் பாசி வாடை அடிக்கிறது. என்ன செய்வது? – வாசகி, திருப்பூர்.

பதில்: தங்கையே, கேனின் மேல் ஒட்டியுள்ள தாளில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண்ணும், தண்ணீர் அடைத்த நாளும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லாத கேனை வாங்காதீர்கள். கேனை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்து, அடி விளிம்பில் பச்சை படர்ந்திருந்தால் திருப்பி அனுப்புங்கள். வெயில் படும் வாசலில் கேனை வைக்கக் கூடாது. வாடை அடிக்கும் தண்ணீரைக் காய்ச்சினாலும் அதைக் குடிக்க வேண்டாம்.

உங்கள் தெருவில் மாநகராட்சிக் குடிநீர் வந்தால், கேனைவிட அதை நம்பலாம் என்றே நான் சொல்வேன். வந்தவுடன் நேராகக் குடத்தில் பிடித்து, வெள்ளைத் துணியில் வடிகட்டி, ஒரு நிமிடம் கொதிக்கவைத்து, மூடியுள்ள பாத்திரத்தில் ஆறவிடுங்கள். டம்ளரை விட்டு மொள்ளாமல், குழாய் வைத்த பாத்திரமாக இருந்தால் இன்னும் நல்லது. காய்ச்சிய தண்ணீர் பெரும்பாலும் கைபட்டுத்தான் மறுபடி கெடுகிறது. தொட்டித் தண்ணீரை மட்டுமே நம்பும் வீடு என்றால், 1000 லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடரை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் மேலே தெளிந்ததை மட்டும் தொட்டியில் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்துப் பயன்படுத்தலாம். திறந்து பல மாதம் ஆன பவுடருக்கு வீரியம் இருக்காது.

கேள்வி: ஆர்.ஓ. வாங்கி இரண்டாண்டு ஆகிறது. சர்வீஸுக்கு வருகிறவர் ஒவ்வொரு முறையும் மெம்பரேன் போய்விட்டது என்கிறார். எதை, எப்போது மாற்ற வேண்டும் என்று நாங்கள் எப்படி அறிவது? – வாசகர், திருநெல்வேலி.

பதில்: இதில் என் வீட்டு அனுபவத்தையே சொல்கிறேன். கரி வடிகட்டியை மாற்றும் தவணையை ஓராண்டு தள்ளிப்போட்டேன். கரி தீர்ந்த பிறகு குழாய்த் தண்ணீரின் குளோரின் நேராக மெம்பரேன் என்னும் சவ்வைத் தாக்கி அதை அரித்துவிட்டது. சிறு செலவை மிச்சம்பிடித்து, பெரிய செலவைத் தேடிக்கொண்டேன். மண்ணைப் பிடிப்பது, கரி ஆகிய முதல் இரண்டு வடிகட்டிகளை உரிய காலத்தில் மாற்றினால், சாதாரணத் தண்ணீரில் சவ்வு இரண்டு மூன்று ஆண்டுகள் உழைக்கும்.

சவ்வின் நலத்தை அறிய டி.டி.எஸ். மீட்டர் இங்கே கைகொடுக்கும். உள்ளே போகும் தண்ணீரையும் வெளியே வருவதையும் மாதம் ஒருமுறை அளந்து நாட்காட்டியில் குறித்துவையுங்கள். 1000 உள்ளே போய் 80, 100 என்று வந்துகொண்டிருந்தது, கன்ட்ரோலரை யாரும் தொடாமலே 300 ஆகிவிட்டால் சவ்வு போய்விட்டது என்று பொருள். அதே 100 நிற்கும்போது போய்விட்டது என்று ஒருவர் சொன்னால், அந்தக் குறிப்பை எடுத்துக் காட்டுங்கள். யூ.வி. விளக்கு நீலமாக எரிந்துகொண்டே இருந்தாலும், 8000 மணி நேரத்தைத் தாண்டினால் அதன் வீரியம் குறைந்துவிடும். ஊருக்குப் போய் ஒரு வாரம் கழித்துத் திரும்பினால், கருவியின் தொட்டியில் தேங்கிய தண்ணீர் முழுவதையும் கொட்டிவிட்டுப் புதிதாகப் பிடித்துக் குடியுங்கள்.

வெள்ளை நூல் சுற்றியதுபோல் இருக்கும் முதல் வடிகட்டியை மாற்றும்போது, பழையதை உங்கள் முன்னே குறுக்காக அறுத்துக் காட்டச் சொல்லுங்கள். வெளிவட்டம் மட்டும் செம்மண் நிறமாகி உள்ளே வெள்ளையாக இருந்தால் அதற்கு இன்னும் ஆயுள் இருந்திருக்கிறது. நடுத்துளை வரை பழுப்பேறியிருந்தால் மாற்றத் தாமதித்துவிட்டீர்கள். புதியதன் உறையின் மேல் மாற்றிய தேதியை மார்க்கர் பேனாவால் எழுதிவையுங்கள்; தாமதித்திருந்தால் அடுத்த முறை இரண்டு மாதம் முன்னதாகவே கூப்பிடுங்கள்.